கூடுதல் இருபது மணி நேரம்

பிப்ரவரி 11, செவ்வாய்

மதியம் கிளம்பும்போது ஓல்சன் கூப்பிட்டார். ஷிப்ட் மேற்பார்வையாளர் கூப்பிட்டால் எங்கள் சலவை ஆலையில் இரண்டு காரணம்தான் இருக்கும்: விரிப்பில் கறை, அல்லது யாரோ வரவில்லை. இன்று மூன்றாவதாக ஒன்று.

"ஏப்ரல்ல இருந்து டூரிஸ்ட் கப்பல் சீசன். முழு நேரம் வரீங்களா? வாரம் நாப்பது மணி. தற்காலிகம் இல்ல, நிரந்தரம். மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க."

இப்போது வாரம் இருபது மணி நேரம் போகிறேன், பதினான்கு மாதமாக. சம்பளம் போதாததால் மீதியை அரசின் வேலைவாய்ப்பு அலுவலகம் உதவித்தொகையாகத் தருகிறது. அதற்கு முன் ஐந்து வருடம் எல்லாவற்றையும் அதுவே தந்தது. நாற்பது மணி நேரம் என்றால் உதவித்தொகை முழுவதும் நின்றுவிடும்.

பஸ்ஸில் வரும்போது எனக்குள் சந்தோஷம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. அதன் பக்கத்திலேயே பயமும் உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒரே சீட்டில்.

பிப்ரவரி 12, புதன்

கீழ் வீட்டு ரோஸ்விட்டாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. மீன் ஆலையில் இருபத்திரண்டு வருடம் நின்று முதுகு போனவள். உதவித்தொகை விதிகள் அவளுக்கு அலுவலகத்தைவிட நன்றாகத் தெரியும். மாடிப்படியிலேயே சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

"எல்லாம் போகக் கைக்கு எவ்ளோ கூட வரும்?"

"மாசம் நூத்தித் தொண்ணூறு."

"பஸ் பாஸ் இப்போ பாதி விலைதானே. இனிமே?"

"முழு விலை."

"டிவி கட்டணம்? பொண்ணோட ஸ்கூல் டூர்?"

"நானே கட்டணும்."

கழித்தாள். வகுத்தாள். காகிதத்தை என் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"மணிக்கு ஒன்னேகால் யூரோ. அடியே, கடல்கரைல காலி பாட்டில் பொறுக்கிக் கடை மெஷின்ல திருப்பிப் போட்டாலே மணிக்கு ரெண்டு யூரோ தேறும். காத்தும் சும்மா கிடைக்கும்."

சிரித்துவிட்டேன். மேலே வந்து கதவைச் சாத்திய பிறகு சிரிப்பு வரவில்லை. கணக்கு சரி. நானும் நேற்றே போட்டுப் பார்த்தேன், அதே விடை.

பிப்ரவரி 14, வெள்ளி

மகள் ஃபென்யாவிடம் சொன்னேன். ரொட்டியில் சீஸ் வைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அப்போ சாயங்காலம் நீ எப்போ வருவ?"

"அஞ்சரை. கப்பல் நாள்ல ஆறரை."

"சரி."

பதினைந்து வயதில் 'சரி' என்பதற்கு எத்தனை அர்த்தம் என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டும். நான் வரலாறு படித்தவள், எனக்கு வராது.

பிப்ரவரி 16, ஞாயிறு

கணக்கில் வராதவற்றை எழுதிப் பார்க்கிறேன்.

வேலைநாளில் இந்த ஊரைவிட்டு வெளியே போய்த் தங்க வேண்டுமானால் நான் முன்கூட்டி அலுவலகத்தில் கேட்க வேண்டும். எங்கே, எத்தனை நாள், ஏன், திரும்பி வருவது எப்போது. வேலைக்குக் கூப்பிட்டால் கிடைக்க வேண்டுமாம், அதனால். நியாயம் இல்லாத விதி என்று சொல்ல முடியாது. இரண்டு வருடம் முன், அப்பா இருக்கும் ஹூசும் ஊரில் அவருக்கு இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சை. ஐந்து நாள் கேட்டேன். மருத்துவமனைக் கடிதத்தின் நகலை வைத்தேன். அலுவலகத்தில் என் கோப்பைப் பார்க்கும் டீட்யென் மேடம் அன்றே அனுமதித்தார். இளம் பெண், நல்லவர், அப்பாவைப் பற்றி விசாரிக்கவும் செய்தார். நான் நன்றி சொன்னேன்.

அந்த நன்றி இன்னும் உறுத்துகிறது. யாரும் என்னை அவமானப்படுத்தவில்லை. நாற்பத்து நாலு வயதில் என் அப்பாவைப் பார்க்கப் போவதற்கு நன்றி சொன்னேன், அவ்வளவுதான்.

இதற்கு மணிக்கு எத்தனை யூரோ போடுவது?

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். இந்த ஆறு வருடமும் வாடகை ஒரு நாள் தவறவில்லை. நான் வேலை பார்த்த அருங்காட்சியகத்தில் பணம் தீர்ந்து என்னை அனுப்பிய பிறகு, ஃபென்யாவின் அப்பா மார்ட்டின் எங்களை விட்டுப் போன பிறகு, நான் காலையில் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்த அந்தக் குளிர்காலத்தில், ஹீட்டர் எரிந்தது. ஃபென்யா சாப்பிட்டாள். அதைக் கொடுத்ததும் அவர்கள்தான். நன்றி கெட்டவளாக இருக்க விரும்பவில்லை. நன்றியே சொல்லிக்கொண்டு இருக்கவும் விரும்பவில்லை.

பிப்ரவரி 19, புதன்

அலுவலகம் போனேன். டீட்யென் மேடம் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லணும்னா, கணக்குல பெரிய வித்தியாசம் வராது. தெரியும்ல?"

"தெரியும்."

"வாடகை உதவிக்கு வேற இடத்துல மனு போடலாம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நடுவுல வேலை போச்சுன்னா மறுபடி இங்கதான் வரணும். முதல்ல இருந்து, எல்லாக் காகிதத்தோட."

"அதுவும் தெரியும்."

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "உங்க படிப்புக்கு வேற ஏதாவது தேடலாமே. மறுபடி அந்த வேலை விண்ணப்பப் பயிற்சி வகுப்பு ஒண்ணு…"

அந்த வகுப்புக்கு மூன்று முறை போயிருக்கிறேன். மூன்றாவது முறை ஆசிரியரின் கையேட்டில் இருந்த பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். அதைச் சொன்னேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ வேணாம்," என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்

தோள்பட்டை வலி. எழுத முடியவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

யாத்விகாவிடம் கேட்டேன். இஸ்திரி எந்திரத்தில் என் ஜோடி. உருளைக்குள் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு மூலை பிடித்து விட வேண்டும். ஒருத்தி அரை விநாடி பிந்தினால் துணி கோணலாகப் போய் மடிப்போடு சூடாகிவிடும். அவள் போலந்துக்காரி, ஐம்பத்தெட்டு வயது, பதினொரு வருடமாக முழு நேரம். என்னைக் 'காலேஜ்' என்றுதான் கூப்பிடுவாள். முதல் நாள் நான் விதிமுறைக் காகிதத்தை முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதிலிருந்து.

"காலேஜ், நாலு மணி நேரம் ஒரு உடம்பு. எட்டு மணி நேரம் வேற உடம்பு. முதல் ஆறு வாரம் நீ செத்துப்போவ. அப்புறம் பழகிடும். இல்லன்னா பழகாது."

"உனக்கு எப்படி?"

"எனக்குப் பழகலை. வந்துக்கிட்டு இருக்கேன்."

பிப்ரவரி 28, வெள்ளி

சொல்லிவிட்டேன். ஓல்சன் அறைக்குள் போய், நின்றபடியே, "வரேன்."

தேதி எழுதிக்கொண்டார்.

ஏன் சொன்னேன்? பணத்துக்கு இல்லை. பெருமைக்கு? விரிப்பு மடிப்பதில் என்ன பெருமை. ஃபென்யாவுக்கு முன்மாதிரியாகவா? அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. ரோஸ்விட்டா இருபத்திரண்டு வருடம் முன்மாதிரியாக இருந்தாள், முதுகுதான் மிச்சம்.

என் வீட்டில் யார் இருக்கிறார்கள், கணக்கில் எவ்வளவு கிடக்கிறது, அத்தை பிறந்தநாளுக்கு அனுப்பிய ஐம்பது யூரோ எங்கே போனது என்று அலுவலகத்துக்கு விளக்குவதை நிறுத்த வேண்டும். அதற்காகத்தான். மணிக்கு ஒன்றேகால் யூரோ எனக்குக் கிடைப்பதாக ரோஸ்விட்டா நினைக்கிறாள். நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன்: இது நான் கொடுத்து வாங்கும் ஒன்று. விலை அதிகம்தான். வாங்குகிறேன்.

நாளை இப்படி நினைப்பேனா, தெரியாது. ஆகவே இன்றே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 31, திங்கள்

சம்பளச் சீட்டு வந்தது. நேரே கடைக்குப் போய் நகல் எடுத்து, மாதாமாதம் போலப் பழுப்பு நிறக் கவரில் போட்டு, அலுவலகத்தின் முகவரியும் எழுதிவிட்டேன். இந்த மாதத்துக்கு இன்னும் அனுப்பத்தான் வேண்டும். இதுதான் கடைசி.

ஏப்ரல் 4, வெள்ளி

முதல் வாரம். பஸ்ஸில் தூங்கிக் கடைசி நிறுத்தம்வரை போய்விட்டேன். ஓட்டுநர் தட்டி எழுப்பினார். "மேடம், இதுக்கு மேல கடல்தான்."

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று வந்தது ஒரு கப்பல் இல்லை, ஒரு ஊர். மூவாயிரம் பேரின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு. காலை ஆறுக்கு இறங்கினால் மாலை நான்குக்குள் எல்லாம் மடித்து ஏற்ற வேண்டும். மேசை விரிப்புகளில் சிவப்பு ஒயின். யாரோ எங்கோ நடுக்கடலில் சிரித்துக்கொண்டே சிந்தியது.

கை இரண்டும் என்னுடையவை போல இல்லை. சூப்பைச் சுட வைக்கக்கூடத் தெம்பில்லாமல் ஆறியதையே குடித்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

சண்டை. எழுதவே பிடிக்கவில்லை, ஆனால் எழுதாவிட்டால் தூக்கம் வராது.

ஆறே முக்காலுக்கு வந்தேன். பாத்திரம் அப்படியே கிடந்தது. கத்தினேன். நாள் முழுக்க ஊரான் அழுக்கை மடிச்சுட்டு வந்து இங்கேயும் நானே செய்யணுமா — இப்படியே ஏதோ சொன்னேன். ஃபென்யா அறையிலிருந்து வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"முன்னாடி காசில்லாம இருந்தோம். ஆனா நீ இருந்த. இப்போவும் காசில்லதான். நீயும் இல்ல."

உட்கார்ந்துவிட்டேன். அவளும் எதிரே உட்கார்ந்தாள். பிறகு எழுந்து பாத்திரத்தைக் கழுவினாள். அதுதான் இன்னும் வலித்தது. அவள் எப்போதுமே இப்படித்தான். குறை சொல்ல மாட்டாள், புரிந்துகொள்வாள். எட்டு வயதில் சறுக்குக் காலணி கேட்டவள், நான் பணப்பையைத் திறப்பதைப் பார்த்து "சும்மாதான் கேட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு எதுவும் கேட்டதாக நினைவில்லை.

பழைய இருபது மணி நேரத்துக்கே போய்விடலாமா? ஓல்சனிடம் கேட்டால் விடுவார். எதுக்கு இந்தப் பிடிவாதம்? யாருக்கு நிரூபிக்கிறேன்?

ஏப்ரல் 25, வெள்ளி

போகப் போவதில்லை. ஆறு வாரம் என்றாள் யாத்விகா. இன்னும் இரண்டரை வாரம் இருக்கிறது. அதுவரை முடிவெடுக்கும் உரிமை எனக்கு இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

ஃபென்யாவிடம் ஒன்று சொன்னேன்: ஞாயிறு முழுவதும் உன்னுடையது, நான் துணி மடிக்க மாட்டேன், தூங்கவும் மாட்டேன். "தூங்கு, பரவாயில்ல," என்றாள். "தூங்க மாட்டேன்," என்றேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

தூங்கிவிட்டேன். ஆனால் பன்னிரண்டு மணிவரைதான். பிறகு இருவரும் கடற்கரைக்குப் போய் மீன் ரொட்டி தின்றோம். கடற்காகம் அவளுடையதில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அவள் அதைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

மே 15, வியாழன்

இன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

ஜூன் பதினெட்டு அப்பாவுக்கு எண்பது வயது. புதன்கிழமை. ஹூசுமுக்குப் போக மூன்று நாள் விடுப்பு வேண்டும். நேற்று மாலை உட்கார்ந்து ஒழுங்காக விண்ணப்பம் எழுதினேன். காரணம். தங்கும் முகவரி. அங்கே என்னைப் பிடிக்கக்கூடிய தொலைபேசி எண். திரும்பி வரும் நாள், ரயில் நேரம். அண்ணன் அனுப்பிய அழைப்பிதழின் நகல். அப்பாவின் பிறந்த தேதி தெரிய வேண்டுமே என்று அவருடைய அடையாள அட்டையின் நகலையும் போனில் கேட்டு வாங்கி அச்சிட்டு வைத்தேன். எல்லாவற்றையும் சேர்த்து ஸ்டேப்ளர் ஊசி அடித்து, ஓல்சன் மேசையில் வைத்தேன்.

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"இது யாரு?"

"என் அப்பா."

"இவரு இங்க வேலைக்கு வராரா?"

"இல்லை… ஆதாரத்துக்கு."

"எதுக்கு ஆதாரம்?"

எதற்கு? நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு. எனக்கு ஒரு அப்பா உண்டு என்பதற்கு. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் மெதுவாக மாறியது. புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். விரல் நகத்தால் ஊசியைப் பிரித்து, நான்கு தாளைத் திருப்பிக் கொடுத்தார். சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பேனாவால் காட்டினார்.

"தேதி மட்டும் போதும். எங்க போறீங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம். வருஷத்துக்கு இருபத்தெட்டு நாள் உங்களோடது."

வெளியே வந்ததும் யாத்விகா, "என்ன காலேஜ், கட்டுரை எழுதிக் குடுத்தியாமே?" என்றாள். மார்க் எத்தனை என்று வேறு கேட்டாள்.

கழிவறைக்குப் போய் அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து உருளைக்கு முன் நின்றேன். அரை விநாடிகூடப் பிந்தவில்லை.

மே 16, வெள்ளி

விடுப்பு அவ்வளவு எளிது இல்லை. ஓல்சன் காலையிலேயே வந்தார். பதினெட்டாம் தேதி பெரிய கப்பல். "ஒரு நாள் தள்ளிப் போக முடியுமா? வியாழன், வெள்ளி?"

ஆக, அலுவலகத்துக்குப் பதில் கப்பல். கயிற்றை ஒரு முளையிலிருந்து அவிழ்த்து இன்னொரு முளையில் கட்டிக்கொண்டேனா?

வழக்கமாக இந்த இடத்தில் நான் "சரி" என்பேன். வாய்வரை வந்தது.

"எண்பதாவது பிறந்தநாள் தள்ளிப்போகாதே ஓல்சன்."

"அப்போ நான் யாரை வெச்சு ஓட்டறது?"

"அது உங்க வேலை. ஆனா ஒண்ணு சொல்றேன், புதன் காலை ஷிப்டை யாராவது மாத்திக்கிட்டா அடுத்த கப்பலுக்கு அவங்களுக்குப் பதிலா நான் வரேன்."

யாத்விகா துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "என் மருமகள் வருவா, ஓல்சன். போன வருஷம் வந்தாளே. இந்தப் பொண்ணை விடுங்க, இல்லன்னா மறுபடி கட்டுரை எழுதுவா."

விட்டார்.

இரண்டும் ஒன்றில்லை. அலுவலகத்தில் நான் கேட்டேன், அவர்கள் தந்தார்கள். இங்கே நான் பேரம் பேசினேன். பேரம் பேச ஏதோ ஒன்று கையில் இருக்க வேண்டும். இருந்தது.

ஜூன் 18, புதன். ஹூசும்

அப்பா கேக்கை வெட்டிவிட்டு எல்லோருக்கும் என்னை அறிமுகப்படுத்தினார். எல்லோரும் சொந்தக்காரர்கள், பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவர்கள். "இவ கப்பல் கம்பெனில இருக்கா," என்றார்.

"சலவைல, அப்பா."

"கப்பலுக்குத்தானே துவைக்கிற."

அண்ணன் ஹார்ம் மட்டும் தனியாகக் கேட்டான், கட்டுப்படியாகிறதா என்று. மாதம் நூறு சொச்சம் கூட என்றேன். "அவ்ளோதானா?" என்றான். அவ்வளவுதான் என்றேன். விளக்கவில்லை. அவனுக்கு ஒரு துண்டு கேக் எடுத்து வைத்தேன்.

ஜூலை 9, புதன்

பழகவில்லை. போய்க்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 22, திங்கள்

சீசன் முடிகிறது. ஓல்சன் ஆறு பேரைக் கூப்பிட்டு நிறுத்தினார். குளிர்காலத்துக்கு வேலை குறையும். விருப்பம் உள்ளவர்கள் மார்ச்வரை இருபது மணி நேரத்துக்கு மாறிக்கொள்ளலாம். என்னைப் பார்த்துக் கனிவாகத்தான் சொன்னார்: "உங்களுக்குப் பெரிய நஷ்டம் இருக்காது. மீதிய அலுவலகம் குடுத்துடுமே. கொஞ்சம் ஓய்வும் கிடைக்கும்."

அவர் கணக்கும் சரி. எல்லோருடைய கணக்கும் எப்போதும் சரியாகவே இருக்கிறது.

ஒரு நிமிடம் — பொய் சொல்ல மாட்டேன் — அந்த மதிய நேரங்கள் கண் முன் வந்தன. சோபா. ஜன்னல் ஓரம் தேநீர். படிக்காமல் கிடக்கும் ஏழு புத்தகங்கள். தோள்பட்டை. ஃபென்யா பள்ளியிலிருந்து வரும்போது கதவைத் திறக்கும் நான்.

அதோடு அந்தப் பழுப்பு நிறக் கவரும் வந்தது.

"என் ஒப்பந்தம் நாப்பது மணி நேரம்," என்றேன். "நான் மாத்திக்கல."

"கட்டாயம் இல்ல. கேட்டேன்."

"நானும் பதில் சொன்னேன்."

இரண்டு பேர் மாறிக்கொண்டார்கள். அவர்களுக்குச் சின்னக் குழந்தைகள், அவர்கள் செய்தது தவறில்லை. மாலை ரோஸ்விட்டா படியில் பிடித்துக்கொண்டாள். "சும்மா வந்த பாதி நாளை வேணாம்னியாமே? உன்னைப் பெத்தாங்களா, செஞ்சாங்களா?" பிறகு தான் செய்த பருப்பு சூப்பில் ஒரு டப்பா கொடுத்தாள். "தோளுக்குச் சூடு வெச்சுக்கோ, மடச்சி."

அக்டோபர் 18, சனி

குளிர்காலக் கோட்டு வாங்க ஃபென்யாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பழையதில் மணிக்கட்டு வெளியே தெரிகிறது. நான் ஒரு கருநீலத்தை எடுத்தேன்: கெட்டித் துணி, நல்ல தையல், தள்ளுபடி. துணியைப் பற்றி இப்போது எனக்குத் தெரியும்.

அவள் பார்த்த பார்வையில் கோட்டே சுருங்கியிருக்கும்.

"இதப் போட்டா தபால்காரர் மாதிரி இருப்பேன். எனக்கு அது வேணும்."

'அது' பச்சை நிறத்தில் இரண்டு மடங்கு விலையில் தொங்கியது. உள்ளே பஞ்சு என்று பெயருக்குத்தான் இருந்தது.

"அது வேண்டாம்."

"ஏன்?"

"ஒரு மழைக்குத் தாங்காது. நான் வாங்கித் தர மாட்டேன்."

"உனக்கு எப்பவுமே நீ சொல்றதுதான் சரி. கிளாஸ்ல எல்லாரும் போட்டிருக்காங்க. எனக்கு வேணும்னு சொல்றேன்ல."

கடையில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சிவந்து, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு என்னைவிட அரை அங்குலம் உயரமாக நின்றாள். எட்டு வயதில் பார்த்த என் பணப்பையை இன்று அவள் பார்க்கவே இல்லை. நானும் முடியாது என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றுதான் சொன்னேன் — இதை வீட்டுக்கு வரும் வழியில்தான் கவனித்தேன். பஸ்ஸில் இருவரும் வேறு வேறு சீட்டில்.

கருநீலம்தான் வாங்கினோம். வந்ததும் அவள் தன் அறைக்குள் போய்க் கதவை ஓங்கி அடித்துச் சாத்தினாள். சுவரில் இருந்த படம் ஆடியது. கீழிருந்து ரோஸ்விட்டா துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினாள்.

நான் சமையலறையில் தேநீரோடு உட்கார்ந்திருக்கிறேன். அவள் இன்னும் கதவைத் திறக்கவில்லை. பசித்தால் வருவாள். அவசரம் இல்லை, கோபப்படட்டும்.